முப்பத்தொன்று முடிந்த பிறகும்: தற்கொலையால் ஒருவரை இழந்த பதின்வயதுப் பிள்ளையோடு இருப்பது

செத்த வீட்டுப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது சில பேச்சுகள் காதில் விழும். “பெடியன் அழவே இல்லை, அவனுக்கு இன்னும் விளங்கல்ல போல.” “பிள்ளைக்கு முன்னால அதைப் பற்றிக் கதைக்காதீங்க.” “ஓ.எல். வருது, படிப்பில கவனத்தைத் திருப்பி விட்டால் சரி.” காய்ச்சலாலோ விபத்தாலோ ஒருவர் போன வீட்டில் இவை இத்தனை அழுத்தமாக வராது. ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட வீட்டில் வரும். சொல்பவர்களுக்கு அந்தப் பிள்ளைமேல் பாசம் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

திருகோணமலையில் பல வருடம் படிப்பித்தவள் நான். வழிகாட்டல் ஆலோசனைப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அப்படி ஒருவரை இழந்த 12 முதல் 19 வயது வரையான பிள்ளைக்குள் என்ன நடக்கிறது, பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். பெரியம்மா, மாமா, வகுப்பாசிரியர், கூட்டாளியின் அம்மா போன்றவர்களுக்காக எழுதுவது இது. அந்தப் பிள்ளையே இதை வாசித்துக்கொண்டிருந்தால், ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மகன், மகள்: 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது.

முதலில் அந்தச் சொல்

தற்கொலை என்ற சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது. அதனால்தானோ என்னவோ அதைச் சொல்லக் கூசுகிறோம். செய்திகளில் “தவறான முடிவெடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்” என்று எழுதுகிறார்கள். மரியாதையாகச் சொல்வதாக நினைத்துத்தான் அப்படி எழுதுகிறார்கள். ஆனால் 14 வயதுப் பிள்ளை அதை எப்படி வாசிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா கூட்டிக் கழித்துப் பார்த்தார், என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்தார், அப்படியும் போவதென்றுதான் முடிவெடுத்தார். பிள்ளைக்கு அது இப்படித்தான் கேட்கும்.

நடந்தது பெரும்பாலும் அப்படி இல்லை. நடுச்சாமத்தில் கடைவாய்ப் பல் வலித்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் உலகத்தில் அந்தப் பல்லைத் தவிர வேறொன்றும் இருக்காது. நாளைக்குக் கல்யாண வீடு இருப்பது ஞாபகம் வராது. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைகூட ஞாபகம் வராது. வலி நிற்க வேண்டும் என்ற ஒன்றுதான் இருக்கும். கடும் மனவேதனையிலும் மனத்தின் பார்வை அப்படிச் சுருங்கிப்போகும். இதை மனக்குறுக்கம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலையில் இருப்பவர் பிள்ளையை எடைபோட்டுப் பார்த்துவிட்டுப் போவதில்லை. பிள்ளை அவர் கண்ணுக்கு எட்டாமல் போயிருக்கிறது.

ஆகவே வீட்டில் “தற்கொலையால் இறந்தார்” என்று சொல்லிப் பழகுங்கள், மாரடைப்பால் இறந்தார் என்பதுபோல. இலங்கையில் தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து குற்றம் இல்லை. அப்படி இறந்தவருக்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதியைக் கத்தோலிக்கத் திருச்சபை 1983இல் வந்த தன் சட்டத் தொகுப்பில் வைக்கவில்லை. சட்டமும் கோயிலும் மனம் இறங்கிவிட்டன. ஊர் வாய்தான் இன்னும் இறங்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விசயம், பெரியவர்கள் மறந்துபோவது. பொலிசும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் வீட்டுக்கு வருவார்கள், கேள்வி கேட்பார்கள், பிரேத பரிசோதனை நடக்கும். திடீர் மரணங்களுக்கெல்லாம் இதுதான் வழமை என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் தன் வீட்டில் ஏதோ குற்றம் நடந்துவிட்டது என்று அது நினைக்கும். பாடசாலைப் பிள்ளைகளும் அப்படித்தான் கதைப்பார்கள்.

ஏழு கிணறு, ஏழு சூடு

கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போகாத திருகோணமலைக்காரர் குறைவு. இராவணன் தன் தாயின் கருமத்தை அங்கே செய்தான் என்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இறந்து முப்பத்தோராம் நாள் செய்யும் முப்பத்தொன்றுக் கிரியைக்கு இன்றும் அங்கே போகிறார்கள். ஏழு கிணறும் அடுத்தடுத்து இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் அள்ளி ஊற்றிய உடம்போடு அடுத்ததற்குப் போனால் திடுக்கிடும்.

துயரும் அப்படித்தான். துயர் என்று நான் சொல்வது, ஒருவரை இழந்தபின் மனத்திலும் உடம்பிலும் வரும் எல்லாவற்றையும் சேர்த்து. அழுகை அதில் ஒன்றுதான். வயிற்றுவலி, நித்திரையின்மை, யார்மேலாவது எரிந்து விழுவது, ஒன்றுமே தோன்றாமல் மரத்துப்போவது எல்லாம் அதற்குள் வரும். தற்கொலையால் வரும் இழப்பில் இன்னும் சில சேரும்: வெட்கம், குற்ற உணர்வு, போனவர்மேல் கோபம். அந்தக் கோபத்தை மட்டும் பிள்ளை யாரிடமும் சொல்லாது. செத்தவர்மேல் கோபப்படலாமா என்ற பயம். வீட்டில் குடியும் அடியுமாக இருந்தவர் போனால் சில பிள்ளைகளுக்கு ஒரு நிம்மதியும் வரும். அந்த நிம்மதியை நினைத்தே பிள்ளை பிறகு தன்னைத் தானே தின்னும். “அப்படியும் வரும் பிள்ளை, அது பாவமில்லை” என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்.

துயருக்கு ஐந்து படிகள், ஒவ்வொன்றாக ஏறி முடித்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். 1969இல் எலிசபெத் குப்ளர்-ரோஸ் என்ற மருத்துவர் எழுதியதிலிருந்து வந்தது அது. அவர் அந்தப் படிகளைச் சொன்னது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. பறிகொடுத்தவர்கள் ஏறவேண்டிய ஏணியாக அவர் அதைச் செய்யவில்லை. எனவே “இன்னும் கோபத்திலேயே நிற்கிறான்” என்று பிள்ளையை அளக்காதீர்கள். இன்றைக்கு மூன்றாவது கிணறு, பின்னேரம் முதலாவது, நாளைக்கு ஆறாவது. ஒழுங்கு கிடையாது.

அழுத அதே நாளில் சிரித்தாள்

அண்ணனைப் பறிகொடுத்த ஒரு பிள்ளை எட்டாம் நாள் சடங்கு முடிந்த அடுத்த நாள் வகுப்புக்கு வந்தாள். பத்தாம் ஆண்டு. இடைவேளையில் வலைப்பந்து விளையாடி, கூட்டாளிகளோடு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆசிரியர் அறையில் ஒருவர், “கல்நெஞ்சு” என்றார். கடைசிப் பாடத்தில் அவள் கழிவறையில் இருந்து வெளியே வரவே இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அவள் அழுது முடியும்வரை. இரண்டும் ஒரே நாள், ஒரே பிள்ளை.

இதற்கு விளக்கம் இருக்கிறது. நெதர்லாந்தில் மார்கிரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஸ்கட் என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் எழுதியது. துயரப்படுகிறவர் இரண்டு வேலை செய்கிறார். ஒன்று, இழப்பின் பக்கம் போய் அழுவது, நினைப்பது, ஏங்குவது. மற்றது, வாழ்க்கையின் பக்கம் வந்து படிப்பது, விளையாடுவது, அண்ணா செய்த வேலையை இனி யார் செய்வது என்று பார்ப்பது. ஆரோக்கியமான துயர் இந்த இரண்டுக்கும் இடையே போய்ப் போய் வரும். இந்தப் போக்குவரத்தை ஊசலாட்டம் என்கிறார்கள். டச் குடாக் கரையில் கடலுக்குள் இறங்கும் பிள்ளைகளைப் பாருங்கள். கழுத்தளவு தண்ணீரில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? கரைக்கு வந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப இறங்குவார்கள். அவளுக்கு வலைப்பந்து அந்தக் கரை.

பதின்வயதில் இந்த ஊசல் இன்னும் வேகமாக ஆடும். உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முற்றுவதற்கு இருபதுகளின் நடுப்பகுதி வரை செல்லும். உணர்ச்சியோ இப்போதே பெரியவர்களின் அளவுக்கு வரும். அதோடு, கூட்டாளிகளைவிட வித்தியாசமாகத் தெரிவதை அந்த வயது வெறுக்கும். எனவே வகுப்பில் சிரிப்பு, வீட்டில் மூடிய கதவு.

இவ்வளவையும் சுருக்கினால்: துயருக்குப் பல முகம், வரிசை கிடையாது, அது போய்ப் போய் வரும். சிரிக்கிறது என்பதற்காகப் பிள்ளை ஆறிவிட்டது என்றும், மூன்று மாதம் கழித்து அழுகிறது என்பதற்காக ஏதோ பிழையாகிவிட்டது என்றும் எடுக்க வேண்டாம்.

அந்த ஒரு கேள்வி

“ஏன்?” இந்த வகை இழப்பின் நடுவில் இந்தக் கேள்விதான் உட்கார்ந்திருக்கும். பெரியவர்களுக்கும்தான். ஆனால் பிள்ளை அதற்குத் தானே பதில் கண்டுபிடித்துவிடும், அந்தப் பதில் பெரும்பாலும் “என்னால்” என்பதாக இருக்கும். அன்றைக்குக் காலை சண்டை பிடித்தேன். வட்ஸ்அப்பில் வந்ததற்குப் பதில் போடவில்லை. புது போன் கேட்டு அடம்பிடித்தேன்.

“உன் பிழை இல்லை” என்று சொல்லத்தான் வேண்டும், ஒருதரம் சொன்னால் போதாது. ஆனால் வெறும் வசனமாகச் சொன்னால் பிள்ளை நம்பாது. ஏன் இல்லை என்று விளங்கப்படுத்த வேண்டும். நான் இரண்டு உவமை சொல்வேன்.

1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை எங்கள் மாவட்டத்தில் மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். கட்டு உடைவது ஒரு நாளில் நடக்கும், அதைத்தான் கண் பார்க்கும். அப்படி ஒரு கட்டுக்குள்ளே கசிவு எத்தனை நாளாக இருந்திருக்கும், மண் எங்கெங்கே இளகியிருக்கும்? கடைசியாகக் கரையில் கல்லெறிந்து விளையாடிய பிள்ளையால் கட்டு உடைந்தது என்று யாராவது சொல்வார்களா? தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் இருப்பது அரிது. மனச்சோர்வு நோய், மது, கடன், பழைய காயங்கள், அவமானம் என்று பல சேர்ந்திருக்கும். எங்கள் பக்கத்தில் யுத்தமும் சுனாமியும் விட்டுப்போனதையும் சேர்க்க வேண்டும். “காதல் தோல்வியாம்”, “பரீட்சையில் சறுக்கினதாம்” என்று ஊர் சொல்லும் ஒருவரிக் காரணத்தைப் பிள்ளைக்கு முன்னால் சொல்லாதீர்கள். நாளைக்கு அதற்கும் ஒரு காதல் முறியும், ஒரு பரீட்சை சறுக்கும்.

இரண்டாவது, கணக்குப் புத்தகத்தின் பின்பக்கம். விடையைப் பார்த்த பிறகு கணக்கைத் திரும்பப் பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். “இது எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்க வேணும்” என்று தோன்றும். மனத்தின் இந்தத் தந்திரத்தைப் பின்தெளிவு என்று சொல்லலாம். அண்ணா அன்றைக்குப் பேசாமல் இருந்தது இன்று பெரிய அடையாளமாகத் தெரிகிறது. அன்றைக்கு அது எத்தனையோ நாள்களில் ஒரு நாள். விடை தெரியாமல் கணக்கைப் பார்த்தவள் நீ, என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்கு விளங்குகிறது.

“அண்ணா நரகத்துக்குப் போவாரா?” என்றும் கேட்பார்கள். எந்தச் சமயத்துப் பிள்ளையாக இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்பவராக இருக்காதீர்கள். “அவர் பட்ட வேதனை கடவுளுக்குத் தெரியும்” என்று சொல்லலாம். ஐயரோ, பாதரோ, மௌலவியோ பிள்ளையோடு பேசுவதென்றால், அவர் மென்மையாகப் பேசுபவரா என்று முதலில் நீங்கள் தனியாகப் பேசிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைத்தால் யாரிடம் கேட்கும்?

“மாரடைப்பு என்று சொல்லி வைப்போம்” என்பது பல வீடுகளில் எடுக்கும் முதல் முடிவு. எங்கள் ஊரில் ஒரு செய்தி உப்புவெளியிலிருந்து மூதூருக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? பிள்ளையின் போனில் அன்று பின்னேரமே வந்துவிடும், படத்தோடு. பிறகு அதற்கு இரண்டு இழப்பு. ஒன்று போனவர், மற்றது வீட்டுப் பெரியவர்கள்மேல் இருந்த நம்பிக்கை.

சொல்லும் முறை இதுதான். பிள்ளைக்கு நெருங்கிய ஒருவர், அமைதியான இடத்தில், சுருக்கமாக: “மகன், அப்பா செத்துப்போனார். தற்கொலையால் செத்தார். அவருக்கு மனத்துக்குள்ள பெரிய வருத்தம் இருந்திருக்கு, எங்கள் ஒருவருக்கும் அதன் அளவு தெரியாது. நீ செய்த எதனாலும் இது நடக்கல்ல. என்ன கேட்கிறதென்றாலும் என்னட்டக் கேள்.” எப்படி இறந்தார் என்ற விவரத்தை நீங்களாக விரித்துச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை கேட்டால் ஒரு வசனத்தில் உண்மையைச் சொல்லி நிறுத்துங்கள். “எனக்கும் தெரியாது” என்பதும் உண்மையான பதில்தான்.

பேசினால் தூண்டுமா?

இதில்தான் அதிகக் குழப்பம். இரண்டு வேறு விசயங்களை ஊர் ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறது.

ஒரு தற்கொலைக்குப் பிறகு, குறிப்பாக இளம் வயதினரிடையே, இன்னொன்று நடக்கும் ஆபத்து கூடுவது உண்மை. இதைத் தொற்று என்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் பிலிப்ஸ் 1974இலேயே, பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஒரு தற்கொலைச் செய்தி பெரிதாக வந்த பின்னர் அந்த எண்ணிக்கை ஏறுவதைக் காட்டினார். பற்றைக்குள் ஒருவர் நடந்து போனால் ஒற்றையடிப் பாதை ஒன்று தெரியத் தொடங்கும், அதுபோல. அதற்கு முன் நினைத்தே பார்க்காத வழி, இப்போது கண்ணில் படுகிறது. அந்தப் பாதையை அழகாக்குவது எதுவோ அதுதான் ஆபத்து. சந்தியில் ஆளுயரக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை, டிக்டொக்கில் சோகப் பாட்டோடு ஓடும் படங்கள், “இனி அவனுக்கு வலி இல்லை, நிம்மதி” என்ற ஸ்டேட்டஸ், எப்படிச் செய்தார் என்ற விலாவாரியான கதை. பாடசாலை அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இறந்த மாணவனை மற்ற மாணவர் மரணத்தில் எப்படி நினைவுகூருவீர்களோ அப்படியே நினைவுகூருங்கள், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

பிள்ளையைத் தனியாக உட்கார வைத்து “உனக்குச் சாக வேணும் போல இருக்கா?” என்று கேட்பது வேறு. அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஏற்கெனவே அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு, பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பதாக இருக்கும் அது. நான் இப்படிக் கேட்பேன்: “இப்படி ஒரு இழப்புக்குப் பிறகு சில பேருக்குத் தாங்களும் செத்துப்போனால் நல்லம் என்று வரும். உனக்கு வந்திருக்கா?”

“ஓம்” என்று வந்தால் அதட்டாதீர்கள், உபதேசம் வேண்டாம். “அம்மாவை நினைச்சுப் பார்” என்றும் சொல்லாதீர்கள். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். “அண்ணாவைப் பார்க்க வேணும் போல இருக்கு” என்ற ஏக்கமா, அல்லது எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவதென்றால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருள்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். “ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் மட்டும் செய்துகொடுக்காதீர்கள்.

மொத்தத்தில், மரணத்தை அழகாக்கும் பேச்சு ஆபத்தானது. பிள்ளையின் மனத்தை நேராக விசாரிக்கும் பேச்சு காக்கிறது.

அன்றாடம்

பெரிய ஆலோசனைகளைவிடச் சின்ன ஒழுங்குகள் உதவுகின்றன. நேரத்துக்குச் சோறு. படுக்கும் நேரம். கிரியையில் கலந்துகொள்ள விரும்புகிறதா என்று பிள்ளையிடமே கேட்பது. “வேண்டாம்” என்றால் விடுவது, “கொள்ளி நான் வைக்கிறேன்” என்றால் அதையும் மதிப்பது. பாடசாலைக்குத் திரும்பும் முதல் நாள், ஆரும் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு வசனத்தைச் சேர்ந்து தயார் செய்யுங்கள். “அண்ணா செத்துப்போனார், இப்ப அதைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை” என்பது போதும். அழுகை வந்தால் எழுந்துபோய் இருக்க ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் இருக்க வேண்டும்.

ஆண் பிள்ளைகளிடம், “இனி நீதான் குடும்பத்துக்கு ஆம்பிளை” என்று தோளில் தட்டிச் சொல்லாதீர்கள். 15 வயதுத் தோள் அது. பெடியன்கள் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போய்வாருங்கள். முகம் தெரியாமல் இருக்கும்போது பேச்சு வரும். வராவிட்டாலும் சரி.

அண்ணாவின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு படுத்தால் கழற்றச் சொல்லாதீர்கள். படங்களை ஒளித்து வைக்காதீர்கள். அவர் எப்படிப் போனார் என்பது அவர் வாழ்ந்த 22 வருடத்தையும் விழுங்கிவிட விடக் கூடாது.

வேறு கை தேவைப்படும்போது

சாப்பாடும் நித்திரையும் வாரக்கணக்கில் கெட்டே இருந்தால், பாடசாலையை விட்டே ஒதுங்கினால், குடி, தன்னைக் காயப்படுத்துவது, பிடித்த பொருள்களைக் கூட்டாளிகளுக்குக் கொடுத்துவிடுவது, “நான் இருந்தென்ன” என்ற பேச்சு இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரச வைத்தியசாலை, காசு இல்லை. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். உளவளத்துணை என்றால் பயிற்சி பெற்ற ஒருவர் இரகசியம் காத்து, தீர்ப்புச் சொல்லாமல், கேட்டுத் துணை நிற்பது. “விசர் ஆசுப்பத்திரி” என்று ஊர் சொல்லும் பேச்சுக்குப் பயந்து ஒரு பிள்ளையைத் தள்ளிப் போடாதீர்கள். 1926 தவிர, சிறுவருக்கான 1929 இலக்கமும் இருக்கிறது. பிள்ளையைத் தாங்கும் நீங்களும் பறிகொடுத்தவர்தான், 1926 உங்களுக்கும்தான்.

நாள்காட்டியில் குறிக்க வேண்டியவை

முப்பத்தொன்றுக்குப் பிறகு பந்தலைக் கழற்றுவார்கள், கதிரைகள் போகும், சொந்தம் பஸ் ஏறும். பிள்ளைக்கு அதற்குப் பிறகுதான் வீடு எவ்வளவு காலி என்று தெரியவரும். பலரிடம் ஆறாம் ஏழாம் மாதத்தில்தான் அது வெளியே வரக் கண்டிருக்கிறேன். எனவே இறந்த நாளை மட்டும் குறிக்காதீர்கள். போனவரின் பிறந்தநாள், தைப்பொங்கல், தீபாவளி, பரீட்சை முடிவு வரும் நாள் இவற்றையும் குறியுங்கள். அந்த நாள்களில் போங்கள், அல்லது ஒரு கோல் எடுங்கள். கையில் ஏதாவது சாப்பாடு இருந்தால் நல்லது.

அந்த வலைப்பந்துப் பிள்ளையின் அண்ணனுடைய பிறந்தநாளுக்கு நான் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். வாசலில் அவள் நின்றாள். “டீச்சர், இண்டைக்கு என்ன நாள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்றாள். ஓம் என்றேன். உள்ளே போய் அவனுடைய பழைய படக் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாகக் காட்டத் தொடங்கினாள்.